தெபார்ட்டன் பாரக்ஸை இடித்த சட்டம்: தென் ஆஸ்திரேலிய நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஈரவை உறுப்பினர்களே,

2022 செப்டம்பர் இறுதியில், புதிய மகளிர், குழந்தைகள் மருத்துவமனை அடிலெய்டு போர்ட் ரோடில், போலீஸ் குதிரைப்படை தங்கியிருந்த தெபார்ட்டன் போலீஸ் பாரக்ஸ் நின்ற இடத்தில் வரும் என்று அரசு அறிவித்தது. நவம்பரில் அதற்கென்றே ஒரு தனிச் சட்டத்தை நீங்கள் நிறைவேற்றிவிட்டீர்கள். 1917-இல் எழும்பி, மாநில மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றிருந்த பத்துக் கட்டடங்கள் அந்த ஒரே சட்டத்தால் பாதுகாப்பை இழந்தன. அறிவிப்புக்கும் சட்டத்துக்கும் இடையில் இரண்டு மாதம். என் வீட்டுப் பின்புறம் கார் நிறுத்தக் கொட்டகை போட அனுமதி வாங்க எனக்கு அதைவிட அதிக நாள் பிடித்தது.

நடந்தது நடந்துவிட்டது, இப்போது எதற்கு இந்தக் கடிதம் என்று கேட்பீர்கள். 2025-இல் நீங்கள் இன்னொரு தனிச் சட்டம் போட்டீர்கள். வடக்கு அடிலெய்டு பொதுக் கோல்ஃப் மைதானத்தை மாநகர மன்றத்தின் கையிலிருந்து மாநில அரசுக்கு மாற்றிய சட்டம் அது. பாரக்ஸ் நின்ற இடத்தைப் போலவே அதுவும் அடிலெய்டு நகரைச் சூழ்ந்த பூங்கா நிலம்தான். அதற்கும் வழக்கமான திட்டமிடல் நடைமுறைகள் ஒதுக்கப்பட்டன. நூற்றுக்கணக்கான மரங்கள் போகும் என்று ஊர் கொதித்தது. முதல் சட்டம் அவசரத்துக்குச் செய்த விதிவிலக்கு என்று மனத்தைத் தேற்றிக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருத்தி. இரண்டாவது வந்த பிறகு அப்படித் தேற்றிக்கொள்ள முடியவில்லை.

இதையே ஆங்கிலத்திலும் உங்களுக்கு அனுப்புகிறேன். தமிழில் எழுதுவது, இந்த மாநிலத்தில் வரி கட்டி வாக்களிக்கும் தமிழர்களும் படித்து, தங்கள் தொகுதி உறுப்பினரிடம் கேட்க வேண்டியதைக் கேட்பதற்காக.

நான் நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்க்கிறேன். விக்டோரியா சதுக்கத்தைச் சுற்றி நிற்கும் நீதிமன்றக் கட்டடங்கள் அத்தனையும் எனக்கு அலுவலகம். நீதிமன்றத்தில் நிற்பவரின் சொல்லை மாற்றாமல், கூட்டாமல், குறைக்காமல் பெயர்ப்பேன் என்று உறுதிமொழி எடுத்துவிட்டுத்தான் வாய் திறக்க முடியும். யார், எந்த வழக்கு என்று நான் சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. ஆனால் என் மக்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் ஒரு கேள்வியை மட்டும் சொல்லலாம். தடை உத்தரவைக் கையில் வாங்கிய ஒரு பெண், வழக்கறிஞர் அதை விளக்கி முடித்ததும், என் பக்கம் திரும்பிக் கேட்பாள்: “இந்தக் காகிதத்தை அவர்கள் நாளைக்கே மாற்றிவிட மாட்டார்களே?” கையெழுத்தான காகிதத்தைப் பெரிய இடத்து ஆட்கள் ஒரே நாளில் செல்லாததாக்கிவிடும் ஊர்களிலிருந்து வந்தவர்கள் பலர். மாற்ற வேண்டுமானால் மறுபடியும் நீதிமன்றத்துக்கு வர வேண்டும், உன்னையும் கேட்பார்கள் என்று வழக்கறிஞர் சொல்வார். நான் அதை அப்படியே தமிழில் சொல்வேன். நிம்மதி முகத்தில் தெரியும்.

மரபுரிமைப் பட்டியலும் அரசு கையெழுத்திட்ட காகிதம்தான். அந்தக் காகிதத்தை மதிக்கச் சொல்லி எங்களைப் போன்ற சாதாரணக் குடிமக்களை அரசு எவ்வளவு கண்டிப்புடன் நடத்துகிறது என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். என் தோழியின் குடும்பம் நகரத்தை ஒட்டிய ஒரு பகுதியில் சிறிய கருங்கல் வீடு ஒன்றை வாங்கியது. பட்டியலிடப்பட்ட வீடு. முன்பக்கத்து ஜன்னல்கள் உளுத்துப் போயிருந்தன. குளிர்காலத்தில் காற்று ஊதித் திரைச்சீலை ஆடும். இரட்டைக் கண்ணாடி போட்ட அலுமினிய ஜன்னல் கேட்டார்கள். முடியாது, மரச்சட்டம்தான், பழைய அளவில்தான் என்று பதில் வந்தது. கூரைத் தகட்டின் நிறத்துக்குக்கூட வரைபடத்தோடு விண்ணப்பம். ஒவ்வொன்றுக்கும் கட்டணம். தச்சர் கேட்ட கூலியைக் கேட்டுத் தோழியின் கணவருக்கு ஒரு வாரம் பேச்சே வரவில்லை. ஆனாலும் செய்தார்கள். மரச்சட்டம் போட்டு, அந்த மங்கிய பச்சை வண்ணத்தைத் தேடிப் பிடித்து அடித்தார்கள். இப்போது தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். அந்த விதி தவறு என்று நான் சொல்லவில்லை. நல்ல விதி. அதே விதி உங்களுக்கு இடைஞ்சலாக வந்தபோது, ஜன்னல் அளவுக்குக்கூட நீங்கள் பொறுக்கவில்லை. பத்துக் கட்டடத்தை மொத்தமாகப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டீர்கள். மாநிலத்தின் மரபுரிமைக் குழுவே அதை எதிர்த்தது. அரசே அமர்த்திய குழு, நீங்களே இயற்றிய சட்டத்தின்படி சொன்ன ஆலோசனை.

மருத்துவமனை பற்றிப் பேசாமல் இந்தக் கடிதத்தை எழுதுவது நேர்மையாகாது. என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது இழுப்பு வந்து, வடக்கு அடிலெய்டில் உள்ள இப்போதைய மருத்துவமனையின் அவசரப் பிரிவில் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறேன். அங்கிருந்த தாதிகளுக்கு நான் பட்ட கடன் தீராது. கட்டடம் பழையது, இடம் போதாது, புதியது வேண்டும். இதில் எனக்கு ஓர் அணுவளவும் ஐயம் இல்லை. 320 கோடி டாலர் செலவானாலும் வேண்டும். ஆனால் 2022-இல் இந்த விவாதம் எப்படி நடத்தப்பட்டது என்பதை நினைத்துப் பாருங்கள். நோயாளிக் குழந்தையை ஒரு பக்கம், குதிரை லாயத்தை மறுபக்கம் நிறுத்தி, யார் பக்கம் நீ என்று கேட்டார்கள். எந்தத் தாய் லாயத்தின் பக்கம் நிற்பாள்? கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்த வளாகத்தில் எந்தெந்தக் கட்டடத்தையாவது மருத்துவமனைக்குள்ளேயே வைத்துக்கொள்ள முடியுமா, வேறு எந்த இடங்கள் ஏன் கழிக்கப்பட்டன, இதை ஆறு மாதம் பொதுவெளியில் பேசினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்டிருக்க வேண்டும். மருத்துவமனை முடிவதே 2030-களில்தான். ஆறு மாதம் பெரிய காலம் இல்லை.

பழைய கட்டடத்தைப் புதிய வேலைக்கு மாற்றுவது இந்த ஊருக்குத் தெரியாத வித்தையா என்ன? நான் நாள்தோறும் ஏறி இறங்கும் சர் சாமுவேல் வே கட்டடம் 1916-இல் துணிமணியும் வீட்டுச் சாமானும் விற்ற பெரிய அங்காடி. 1948-இல் தீப்பிடித்தது. பிழைத்து எழுந்து, 1983-இல் நீதிமன்றமாக மாறியது. அங்காடிக் காலத்து அகன்ற பளிங்குப் படிக்கட்டு இன்றும் நடுவில் இருக்கிறது. தொப்பியும் கையுறையும் வாங்க வந்த சீமாட்டிகளுக்காகக் கட்டிய படியில், இன்று ஒரு கையில் கோப்பும் மறுகையில் பிள்ளையுமாக என் மக்கள் ஏறுகிறார்கள். சதுக்கத்தின் ஓரத்தில் பழைய கருவூலக் கட்டடம் ஹோட்டலாக இருக்கிறது. நார்த் டெரஸில் பழைய ராயல் அடிலெய்டு மருத்துவமனை காலியானபோது, அதன் வளாகத்திலிருந்த மரபுரிமைக் கட்டடங்களை வைத்துக்கொண்டே லாட் ஃபோர்ட்டீன் என்ற தொழில்நுட்ப வளாகத்தை இதே மாநில அரசு உருவாக்கியது. ஒரு மருத்துவமனை போன இடத்தில் சாத்தியமானது, ஒரு மருத்துவமனை வரும் இடத்தில் ஏன் சாத்தியமில்லை என்பதை எங்களுக்கு யாரும் சரியாக விளக்கவில்லை.

பாரக்ஸுக்குள் ஒருமுறை மகளோடு போயிருந்தேன். போலீஸ் வரலாற்றுச் சங்கத்தின் சேகரிப்பு அப்போது அங்கேதான் இருந்தது. ஓய்வு பெற்ற காவலர் ஒருவர் சுற்றிக் காட்டினார். பழைய சைக்கிள், மோட்டார் வண்டிகள், சேணங்கள் எல்லாவற்றையும் விட என் மகளுக்குப் பிடித்தது லாயத்தின் அரைக்கதவு. அதன் மேல்விளிம்பைத் தலைமுறை தலைமுறையாகக் குதிரைகள் கடித்துக் கடித்து, மரம் நடுவில் பள்ளமாக வளைந்திருந்தது. இனிக் கடிக்காமலிருக்க மேலே இரும்புப் பட்டை அடித்திருந்தார்கள். பட்டையிலும் பல் தடம். அவள் கையை வைத்து அந்தப் பள்ளத்தை அளந்தாள். அந்தப் பெரியவர், வெள்ளைச் சாம்பல் நிறக் குதிரைகளைத்தான் இந்த மாநிலப் போலீஸ் வழிவழியாக வைத்திருக்கிறது என்று சொல்லி, மேய்ச்சல் வெளியில் நின்ற ஒன்றைக் கூப்பிட்டார். அது வரவில்லை. போலீஸ் குதிரையாயிற்றே, உத்தரவு எழுத்தில் இருக்க வேண்டும் போலும்.

அந்தக் கதவு இப்போது எங்கே இருக்கிறது? கேலிக்குக் கேட்கவில்லை. என் கோரிக்கைகளில் அதுவும் ஒன்று.

1838-இல் தொடங்கிய தென் ஆஸ்திரேலியப் போலீஸ் இந்த நாட்டின் மிகப் பழைய காவல் அமைப்புகளில் ஒன்று. அதன் குதிரைப்படை முதலில் நார்த் டெரஸில், இன்றைய அருங்காட்சியகத்துக்குப் பின்னால் இருந்தது. 1855-இல் கட்டிய ஆயுதக் கிடங்கு இன்றும் அங்கே நிற்கிறது. 1917-இல் தெபார்ட்டனுக்கு மாறியது. உங்கள் சட்டம் வந்த பிறகு கெப்ஸ் கிராஸுக்கு. இந்த வரலாறு முழுவதும் பெருமைக்குரியது என்று நான் பாட வரவில்லை. 1840-இல் மரியா என்ற கப்பல் உடைந்து கரையேறியவர்கள் கொல்லப்பட்டபோது, போலீஸ் தலைவர் ஓ’ஹாலரன் ஆளுநரின் ஆணையோடு மாநிலத்தின் தென்கிழக்கே உள்ள கூராங் கரைக்குப் போய், நாரிஞ்செரி பழங்குடி மக்கள் இருவரை நீதிமன்ற விசாரணையே இல்லாமல் தூக்கிலிட்டார். பாரக்ஸுக்கு மிக அருகில் நிற்கும் அடிலெய்டு சிறை 1841 முதல் 1988 வரை இயங்கியது. அங்கே தூக்கிலிடப்பட்ட 45 பேரில் பெரும்பாலோர் மதில்களுக்கு இடையில் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். காவலும் நீதிமன்றமும் சிறையும் ஓர் அரசு தன் மக்களிடம் நடந்துகொண்ட விதத்துக்குச் சான்று. சான்றை யாராவது வழக்கு முடியும் முன்பே அழித்தால் நீதிமன்றத்தில் என்ன பெயர் வைப்பார்கள் என்று உங்களில் வழக்கறிஞர்களாக இருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கேட் காக்ஸ் என்ற பெண்மணி பற்றியும் சொல்ல வேண்டும். 1915 டிசம்பரில் இந்த மாநிலம் அவரைக் காவல் துறையில் சேர்த்தது. ஆண் காவலர்களுக்கு இணையான ஊதியம், கைது செய்ய அவர்களுக்கு இணையான அதிகாரம். அன்றைக்கு உலகில் எத்தனை அரசுகள் இதைச் செய்ய முன்வந்தன? அவர் பெயரைத் தாங்கிய பூங்கா பாரக்ஸை ஒட்டி இருந்தது. அதையும் அதே சட்டம் மருத்துவமனை மனைக்குள் இழுத்துக்கொண்டது. அடிலெய்டின் பூங்கா நிலங்களும் நகர அமைப்பும் 2008-இல் தேசிய மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தவை. 1837-இல் நில அளவைத் தலைவர் வில்லியம் லைட் வரைந்த திட்டம் என்று வெளியூர் விருந்தினர்களிடம் நாம் எல்லாருமே பெருமையடிப்பது. பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான மருத்துவமனைக்காக, இந்த மாநிலத்தின் முதல் பெண் காவலரின் பெயரில் இருந்த நிலத்தைத் துடைத்ததில் உள்ள முரண் உங்களில் ஒருவருக்காவது உறுத்தியிருக்கும் என்று நம்புகிறேன்.

தனிச் சட்டம் போட்டால் இடிக்கத்தான் முடியும் என்றில்லை. 2024-இல் கிரென்ஃபெல் தெருவின் கிரவுன் அண்ட் ஆங்கர் என்ற, மேடை இசை நடக்கும் மதுக்கடையை மாணவர் விடுதிக் கோபுரத்துக்காகச் சிதைக்கத் திட்டம் வந்தபோது, இசைக்கலைஞர்களும் இளைஞர்களும் தெருவில் இறங்கினார்கள். நீங்கள் அதைக் காப்பாற்ற ஒரு சட்டம் கொண்டுவந்தீர்கள். நான் மதுக்கடைப் பக்கம் போகிறவள் இல்லை. இருந்தாலும் அன்று மகிழ்ந்தேன். 1971-இல் கிங் வில்லியம் தெருவில் எட்மண்ட் ரைட் மாளிகையை மக்கள் கிளர்ச்சிக்குச் செவிசாய்த்து அரசே விலைக்கு வாங்கிக் காத்தது. அந்தக் கட்டடத்தைக் கடக்கும்போதெல்லாம், வெயிலில் மின்னும் அதன் முகப்பைப் பார்த்தபடி, இந்த ஊர் ஒரு காலத்தில் நின்று யோசித்தது என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் இதில் ஒரு சங்கடம் உண்டு. பாட்டுக்காரர்களிடம் ஒலிபெருக்கி இருந்தது. பாரக்ஸின் பக்கம் நின்றவர்கள் ஓய்வு பெற்ற காவலர்களும் பூங்கா நில ஆர்வலர்களும்தான்; அவர்களுக்கு ஊர்வலம் போகத் தெரியவில்லை. யார் சத்தமாகக் கத்துகிறார்களோ அவர்கள் கட்டடம் பிழைக்கும் என்றால் மரபுரிமைச் சட்டமே தேவையில்லை, கூட்டத்தை எண்ணிவிட்டுப் போகலாம்.

விக்டோரியா சதுக்கத்து நீதிமன்றங்களைப் பற்றி எனக்கு இப்போதே கவலை இருக்கிறது. அங்கே வேலை செய்யும் எவரையும் கேளுங்கள்: இடநெருக்கடி உண்மை, பழைய கட்டடத்தில் சக்கர நாற்காலியோடு வருவோர் படும் பாடு உண்மை, குற்றம் சாட்டியவரும் சாட்டப்பட்டவரும் ஒரே தாழ்வாரத்தில் முகம் பார்த்துக் காத்திருக்கும் அவலமும் உண்மை. வன்முறை வழக்கில் வந்த பெண்ணை, கணவரின் உறவினர்கள் பார்க்காதபடி என் உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஆக, நாளைக்குப் புதிய நீதிமன்ற வளாகம் வேண்டும் என்று நீங்கள் சொன்னால் முதலில் கைதட்டுகிறவள் நானாக இருப்பேன். அன்றைக்கும், கண்ணீர் விடும் பெண்ணை ஒரு பக்கம், 1840-களில் எழும்பத் தொடங்கிய பழைய நீதிமன்ற முகப்பை மறுபக்கம் நிறுத்தி, யார் பக்கம் நீ என்று என்னைக் கேட்கப் போகிறீர்களா?

அப்படிக் கேட்கும் நிலை வராமலிருக்க, நான் கேட்பவை இவை.

மரபுரிமைப் பட்டியலில் உள்ள எந்த இடத்தையும் தனிச் சட்டத்தின் மூலம் நீக்குவதற்கு முன், மரபுரிமைக் குழுவின் முழு அறிக்கையும், கழிக்கப்பட்ட மாற்று இடங்களின் ஆய்வும் இரு அவைகளிலும் வைக்கப்பட வேண்டும். வைத்த நாளிலிருந்து ஆறு மாதம் கழித்தே வாக்கெடுப்பு நடக்க வேண்டும். ஒரு நாடாளுமன்றம் அடுத்த நாடாளுமன்றத்தின் கையைக் கட்ட முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவைகள் தங்களை நடத்திக்கொள்ளும் விதிகளான நிலைக்கட்டளைகளில் இதைச் சேர்க்க முடியும். பிறகு வருகிறவர்கள் அதை மீற விரும்பினால், வெளிப்படையாக வாக்களித்து மீறட்டும்.

தெபார்ட்டனில் இடிப்பதற்கு முன் எடுத்த அளவுகள், வரைபடங்கள், ஒளிப்படங்கள் அனைத்தையும் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடுங்கள். எந்தச் செங்கல், எந்த மரம், எந்தக் கதவு காக்கப்பட்டது, எது எங்கே இருக்கிறது, எது குப்பைக்குப் போனது என்ற பட்டியலும் வேண்டும். ஒன்றுமே காக்கப்படவில்லை என்றால் அதையும் எழுத்தில் சொல்லுங்கள்.

போலீஸ் வரலாற்றுச் சேகரிப்புக்கு, நகரத்துக்குள், பஸ்ஸிலோ டிராமிலோ பள்ளிப் பிள்ளைகள் வந்து இறங்கிப் பார்க்கக்கூடிய நிரந்தர இடம் ஒன்றை ஒதுக்குங்கள். ஆயுதக் கிடங்கை ஒட்டிய பழைய குதிரைப்படைக் கட்டடங்களை முதலில் பரிசீலியுங்கள். அந்த இடத்தில் கூராங் கரையின் 1840-உம் சொல்லப்பட வேண்டும். எப்படிச் சொல்வது என்பதை நாரிஞ்செரி, கௌர்னா பழங்குடி மக்கள் முடிவு செய்ய வேண்டும்.

மருத்துவமனைக்காக எடுத்த அளவுக்கு நிலத்தை, கார் நிறுத்தமும் கான்கிரீட்டுமாகக் கிடக்கும் வேறு பூங்கா நிலத்திலிருந்து மீட்டுத் திறந்தவெளியாக்குங்கள். அதற்குக் கேட் காக்ஸ் பெயரை வையுங்கள். மருத்துவமனைக்குள் ஒரு கூடத்துக்கு அவர் பெயரை வைத்துக் கணக்கை முடித்துவிட வேண்டாம்.

அடிலெய்டு சிறை, நார்த் டெரஸ் ஆயுதக் கிடங்கு, விக்டோரியா சதுக்கத்து நீதிமன்றங்கள் ஆகியவற்றின் மேல் எந்தத் தனிச் சட்டமும் கொண்டுவரும் எண்ணம் இல்லை என்று ஒவ்வொரு கட்சியின் தலைவரும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்போடு, இவற்றின் பராமரிப்புக்கு அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் எவ்வளவு ஒதுக்குகிறீர்கள் என்ற தொகையும் இருக்க வேண்டும். கூரை ஒழுகவிட்டு, பிறகு ஒழுகுகிறது என்று காரணம் காட்டி இடிப்பது பழைய தந்திரம்.

உங்கள் பதிலை, எந்தக் கோரிக்கைக்கு ஆம், எதற்கு இல்லை என்று பிரித்துத் தர வேண்டுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் போதும். தமிழாக்கி, ஒரு சொல்லும் மாற்றாமல், இதைப் படித்தவர்களுக்கு நானே வெளியிடுகிறேன்.

இப்படிக்கு,
அடிலெய்டில் வாழும் ஒரு நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்